பழைய துப்பாக்கியும் புதிய தோட்டாவும்

பாட்டன் காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. இன்று கடையில் விற்கும் தோட்டா ஒன்றும் கையில் இருக்கிறது. தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் இழைத்து வைத்தாற்போல் அமர்கிறது. தாழும் தடையின்றி மூடிக்கொள்கிறது. அப்படியானால் சுடலாமா?

எளிய கேள்வியாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் இதற்கு விரைந்து விடை சொன்னவர்களில் சிலர் விரல்களை இழந்தனர். சிலர் கண்ணை இழந்தனர். ஆதலின் இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த அதன் திருத்தங்களும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ‘நமக்கு ஏன் இந்தப் பேச்சு?’ என்று நீங்கள் கேட்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு ஆண்டுகளைக் கடந்த வேட்டைத் துப்பாக்கிகளை இன்றும் பலர் வைத்திருக்கின்றனர், சுடவும் சுடுகின்றனர். ஆகவே அங்கே இஃது உயிருள்ள கேள்வி. நமக்கோ இது நல்லதொரு பௌதிகப் பாடம். அழுத்தம், வெப்பம், உலோகத்தின் வலிமை, அளவையின் நுட்பம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடும் பாடம் இதைப்போல் வேறொன்று கிடைப்பது அரிது. வகுப்பறையில் பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில் இதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், ஒரு தோட்டா வெடிக்கும்போது நிகழ்வது என்ன என்பதைப் பார்ப்போம். தோட்டா என்பது நான்கு உறுப்புகள் கொண்டது: பித்தளைக் கூடு, அதன் அடியில் ஒரு சிறு பொறிமருந்து, கூட்டினுள் வெடிமருந்து, முனையில் குண்டு. விசையை இழுத்தவுடன் ஊசி பொறிமருந்தைத் தாக்குகிறது. அதன் தீ வெடிமருந்தைப் பற்றுகிறது. திடப்பொருளாக இருந்த மருந்து ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயான நேரத்தில் வெப்பம் மிகுந்த வாயுவாக மாறுகிறது. அந்த வாயு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அழுத்துகிறது. முன்னே தள்ளினால் குண்டு போகிறது. பக்கவாட்டில் தள்ளினால் குழலின் சுவர் தாங்க வேண்டும். பின்னே தள்ளினால் தாழ் தாங்க வேண்டும். தாழுக்குப் பின்னால், சுடுபவரின் முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பித்தளைக் கூடு இதில் ஒரு நுட்பமான பணி செய்கிறது. வெடித்த கணத்தில் அது சிறிது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்புறம் கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. ஆனால் பித்தளை தானாக வலிமையுடையது அன்று. சுற்றிலும் உள்ள இரும்போ எஃகோ தாங்கும் வரையில்தான் பித்தளையும் தாங்கும். ஆகவே, துப்பாக்கியின் வலிமை எவ்வளவு, தோட்டாவின் அழுத்தம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டு நோக்குவதே உண்மையான கேள்வி. தோட்டா அறைக்குள் அமர்கிறதா என்பது அதற்கு முந்தைய, மிகச் சிறிய கேள்வி. பொருந்துவது வேறு; தாங்குவது வேறு.

இவ்விரண்டும் ஒருகாலத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அக்காலம் கருமருந்தின் காலம். வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, மரக்கரி பதினைந்து பங்கு, கந்தகம் பத்துப் பங்கு சேர்ந்ததே கருமருந்து. பல நூற்றாண்டுகள் உலகம் முழுவதும் இம்மருந்தையே அறிந்திருந்தது. இஃது எரிந்தபின் உண்டாகும் பொருள்களில், எடையில் பாதிக்கு மேற்பட்டது வாயுவன்று, திடப்பொருளே. சுட்டவுடன் எழும் வெண்புகையும், குழலில் படியும் கசடும் அதுவே. வாயு குறைவாதலால் அழுத்தமும் அளவோடு நின்றது. அன்றியும் கருமருந்துக்கு ஒரு நற்குணம் உண்டு. சுற்றிலும் அழுத்தம் மிகுந்தாலும் அது எரியும் வேகம் பெரிதும் மிகுவதில்லை. எனவே கொல்லர் ஓரளவு கனத்தில் குழலைச் செய்துவிட்டால், கூட்டை நிரப்பும் மருந்தினால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை.

1884ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. பால் வியே என்னும் பிரெஞ்சு வேதியியலார், பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து பெறும் வெடிபஞ்சைக் கூழாக்கி, தகடாக்கி, சிறு துண்டுகளாக நறுக்கிப் புகையற்ற வெடிமருந்தைப் படைத்தார். அம்மருந்துக்கென்றே 1886ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை லெபெல் என்னும் துப்பாக்கியை ஏற்றது. அடுத்த ஆண்டில் ஆல்பிரட் நோபெல் தம்முடைய மருந்தை வெளியிட்டார். 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் ஏபெலும் ஜேம்ஸ் டூவரும் ‘கார்டைட்’ என்னும் மருந்தை உருவாக்கினர். வெந்நீர் ஆறாமல் வைக்கும் குடுவையின் மூலவடிவைக் கண்டறிந்தவரும் இந்த டூவரே. நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலைன் 5 பங்கு சேர்த்து, நூல் இழைகளைப்போல் பிழிந்தெடுத்ததே முதல் கார்டைட். நூல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயரும் வந்தது. நம் நீலகிரியில் குன்னூருக்கு அருகே அரவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலை, இன்றும் கார்டைட் தொழிற்சாலை என்றே பெயர் பெற்றிருப்பதை அப்பக்கம் சென்றவர்கள் அறிவீர்கள்.

புகையற்ற மருந்து ஏறத்தாழ முழுவதுமே வாயுவாகிவிடுகிறது. ஒரே எடையில் கருமருந்தைவிட மிகுந்த ஆற்றலைத் தருகிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: சுற்றுமுள்ள அழுத்தம் உயர உயர, இம்மருந்து எரியும் வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் உயர்கிறது. அழுத்தம் மிகுந்தால் வேகமாக எரிகிறது. வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் மிகுகிறது. சரிவில் உருண்டோடும் கல்லைப்போல, தொடங்கியபின் தன் வேகத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் இயல்பு இது. இதற்கென்றே வகுத்த துப்பாக்கியில் இந்த இயல்பு கணக்குக்குள் அடங்கி நிற்கும். கருமருந்தை அளந்த அதே கரண்டியால் புகையற்ற மருந்தை அளந்து பழைய துப்பாக்கியில் இடுவதோ உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இனி எண்களைப் பார்ப்போம். அமெரிக்கப் படை 1873ஆம் ஆண்டில் ஏற்ற ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவுக்கு ‘45-70’ என்று பெயர். குண்டின் அகலம் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. கருமருந்தின் எடை 70 கிரெயின். அதனால் அப்பெயர். இன்றைய அமெரிக்க விதிப்படி இத்தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. 1906ஆம் ஆண்டில் வந்து இன்றும் வேட்டைக்குப் பெரிதும் வழங்கும் ‘30-06’ என்னும் தோட்டாவுக்கு அந்த எல்லை 60,000 பவுண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது முதலாவது ஏறக்குறைய 1,900 மடங்கு. இரண்டாவது 4,000 மடங்குக்கு மேல்!

இந்த அழுத்தம் குழலை என்ன செய்கிறது? உருளையின் சுவரில் ஏற்படும் இழுவிசையைக் காணும் சூத்திரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: அழுத்தத்தை உள்ளாரத்தால் பெருக்கிச் சுவரின் கனத்தால் வகுக்க வேண்டும். உள்ளாரம் கால் அங்குலம், சுவரின் கனமும் கால் அங்குலம் என்று கொண்டால், சராசரி இழுவிசை அழுத்தத்துக்கே சமமாகிறது. உட்சுவரில் அது சராசரியைவிட மிகும். நல்ல தேனிரும்பு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50,000 பவுண்டு இழுவிசையில் அறுந்துவிடும். அதற்கு வெகு முன்னரே, மீண்டும் பழைய அளவுக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கிவிடும். 28,000 பவுண்டுக்கு எல்லையில் நிற்கும் குழல், அதனினும் இரட்டிப்பான அழுத்தத்தில் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

பின்புறத் தாழையும் கணக்கிட்டுப் பாருங்கள். 45-70 தோட்டாவின் அடி ஏறத்தாழ அரை அங்குல விட்டமுடையது. அதன் பரப்பு சதுர அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 28,000 பவுண்டு அழுத்தத்தில் தாழின்மேல் விழக்கூடிய விசை 5,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,500 கிலோகிராம். ஒரு சிறு இரும்புத் தாழின்மேல் ஒரு யானையின் பாரம் நொடிப்பொழுதில் வந்து மோதுகிறது என்று கொள்ளலாம். அழுத்தம் இரட்டித்தால் பாரமும் இரட்டிக்கும்.

இவ்வளவு குறுகிய நேரத்தில் தோன்றி மறையும் அழுத்தத்தை எப்படி அளந்தார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆண்ட்ரு நோபிள் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1860களில் ஓர் எளிய வழி கண்டார். இவர் பரிசு நிறுவிய நோபெல் அல்லர், வேறொருவர். குழலின் பக்கத்தில் துளையிட்டு, அதில் ஓர் உலக்கையைப் பொருத்தி, உலக்கைக்கும் ஓர் உறுதியான தடைக்கும் இடையே சிறிய செம்பு உருளையை வைத்தார். வெடித்தபின் செம்பு எவ்வளவு நசுங்கியது என்று அளந்து அழுத்தத்தைக் கணித்தார். பிற்காலத்தில் படிகங்கள் அத்தொழிலை ஏற்றன. சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்று 1880ஆம் ஆண்டில் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்தனர். இம்முறையில் அழுத்தம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதையே கோடாக வரைந்துவிடலாம். செம்பு தரும் எண்ணும் படிகம் தரும் எண்ணும் ஒன்றாக இரா. ஆதலால் ஒரு நூலில் ஓர் எண்ணையும் வேறொரு நூலில் வேறோர் எண்ணையும் கண்டு, அளந்த முறையை நோக்காமல் ஒப்பிடுதல் தவறு.

இனி, பொருந்தியும் தாங்காத தோட்டாக்களுக்கு மூன்று உதாரணங்கள் காட்டுகிறேன்.

முதலாவது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வேட்டையாடிய ஆங்கிலேயர்கள் ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் வகைத் துப்பாக்கிகளை விரும்பினர். அவற்றுள் ஒன்று, மூன்றேகால் அங்குல நீளக் கூட்டில் 120 கிரெயின் கருமருந்தும் லேசான ஈயக் குண்டும் கொண்ட .450 தோட்டாவைச் சுடுவது. 1898ஆம் ஆண்டில் ரிக்பி நிறுவனம் அதே அகலத்தில், அதே மூன்றேகால் அங்குல நீளக் கூட்டில், 70 கிரெயின் கார்டைட்டும் 480 கிரெயின் எடையுள்ள கனத்த குண்டும் இட்டு ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ தோட்டாவை வெளியிட்டது. குண்டு வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் பாய்ந்தது. யானை வேட்டையின் வரலாற்றையே மாற்றிய தோட்டா அது. ஆனால் வெளியளவில் இரண்டும் உடன்பிறந்தவைபோல் இருந்தன. புதியது பழையதன் அறைக்குள் நுழைய இடமிருந்தது. ஆகவேதான் தோட்டா செய்வோர், கார்டைட்டைக் குறைத்து இட்டு, கருமருந்தின் அழுத்தத்தையே தரும் மூன்றாவது வகைத் தோட்டாவையும் பழைய துப்பாக்கிகளுக்கென்று தனியே செய்து விற்றார்கள். மூன்று தோட்டாக்கள், ஒரே உருவம். வேற்றுமை உள்ளே இருக்கும் மருந்தில்.

இரண்டாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கி மேற்குச் சமவெளிகளில் பெரும்பெயர் பெற்றது. அதன் ‘44-40’ தோட்டாவில் 40 கிரெயின் கருமருந்து இருந்தது. பின்னர் ஜான் பிரௌனிங் வகுத்த 1892ஆம் ஆண்டுத் துப்பாக்கியும் அதே தோட்டாவையே ஏற்றது. ஆனால் அதன் தாழ் மிகவும் உறுதியானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த உறுதியை நம்பி, அதே 44-40 கூட்டில் புகையற்ற மருந்தை மிகுதியாக இட்ட அதிவேகத் தோட்டாக்கள் வெளிவந்தன. அவை 1873ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு உரியவை அல்ல என்று பெட்டியின் மேலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டது. எச்சரிக்கை பெட்டியில் இருந்தது. தோட்டாவோ பெட்டியை விட்டு வெளியே வந்து சட்டைப்பைக்குள் போய்விடும் பொருள்! ஒரே பெயருள்ள தோட்டாவை ஒரு பையில் கலந்து போட்டபின் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

மூன்றாவது ஜெர்மனியில் தொடங்கியது. இதை எனக்கு நினைவூட்டியவர் அமெரிக்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர். அவர் அங்கே ஒரு பழம்பொருள் விற்பனையில், ஜெர்மனியில் செய்த பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். ‘எட்டு மில்லிமீட்டர் மவுசர் தோட்டா இதில் அச்சில் வார்த்தாற்போல் பொருந்துகிறது ஐயா! வார இறுதியில் சுடுகளத்துக்குச் செல்லப் போகிறேன்’ என்று எனக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். அவருக்கு நான் எழுதிய விடையின் சாரம் இதுதான்.

1888ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படைக் குழு ஒன்று புதிய துப்பாக்கியையும் அதற்கொரு தோட்டாவையும் வகுத்தது. கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 318 பங்கு. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில், அதே கூட்டில் கூர்முனையுள்ள புதிய குண்டைப் பொருத்தினர். அதன் விட்டம் ஆயிரத்தில் 323 பங்கு. அதற்கேற்பக் குழலின் பள்ளங்களையும் ஆழமாக்கினர். ஆனால் பழைய அளவுள்ள குழல்கள் வேட்டைத் துப்பாக்கிகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து வழங்கி வந்தன. பழைய தோட்டாவுக்கு ‘8 × 57 ஜே’ என்று பெயர். புதியதற்கு ‘8 × 57 ஜே.எஸ்.’ என்று பெயர். வேற்றுமை ஓர் எழுத்து. குண்டுகளின் விட்டத்தில் வேற்றுமை அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. நீங்கள் எழுதும் தாளின் கனத்தைவிடச் சற்றே அதிகம். கூடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே ஆதலால், பெரிய குண்டுள்ள தோட்டா சிறிய குழலுள்ள துப்பாக்கியின் அறையிலும் அமர்ந்துவிடக்கூடும். விசையை இழுத்தபின், குண்டு தன்னைவிடக் குறுகிய வழியில் நெருக்கிப் புக வேண்டியதாகும். குண்டு தயங்கும் ஒவ்வொரு கணமும் பின்னால் வாயு குவிகிறது, அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் விரைந்து எரிகிறது. முன்னே நாம் கண்ட சரிவில் உருளும் கல் இதுவே.

இந்த ஆபத்தை அறிந்தே அமெரிக்காவில், 1926ஆம் ஆண்டில் அமைந்த துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகம், எட்டு மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவின் உச்ச அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என்று தாழ்த்தியே வரையறுத்திருக்கிறது. ஐரோப்பாவில் அதே புதிய தோட்டாவுக்கு உரிய எல்லை 3,900 பார். அதாவது 56,000 பவுண்டுக்கு மேல். இரு கண்டங்களில் செய்த தோட்டாக்கள் ஒரே கடையில் அருகருகே விற்கப்படலாம். பெயரை மட்டும் படித்து வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது அவருக்கே தெரியாது.

என் மாணவர் துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் சென்றார். அவர் மெல்லிய ஈயத் துண்டு ஒன்றைக் குழலில் செலுத்தி, அதில் பதிந்த பள்ளங்களின் அளவை நுண்ணளவியால் அளந்தார். 318! பழைய குழல். சுடுகளத்துக்குப் போகவிருந்த வார இறுதியில் மாணவர் எனக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை அவர் தம் கையாலேயே எழுதினார் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தோட்டாவைப் பற்றிச் சொன்னது போதும். துப்பாக்கியின் உலோகத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பழைய குழல்களில் ‘டமாஸ்கஸ்’ என்றொரு வகை உண்டு. இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கி, ஒரு கம்பியின்மேல் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். மேலே மயில்தோகைபோல் அழகிய வரிகள் தோன்றும். ஆனால் அந்த வரிகள் ஒவ்வொன்றும் ஓர் ஒட்டு. ஒட்டுக்குள் கசடு சிக்கியிருந்தாலும், துருப் பிடித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒட்டில்லாத எஃகிலும் கண்ணை நம்ப முடியாது என்பதற்கு அமெரிக்காவின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கியே சான்று. படைத் துப்பாக்கியாயினும் அது வேட்டைக்கும் பெரிதும் பயன்பட்டது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க வேட்டைக்கு அவ்வகைத் துப்பாக்கியை எடுத்துச் சென்றார். அதன் தாழைத் தாங்கும் எஃகு உடலைக் காய்ச்சி அடித்த தொழிலாளர்கள், எஃகின் நிறத்தைப் பார்த்தே சூட்டை மதிப்பிட்டனர். தேர்ந்த கைகள்தாம். ஆனால் மேகமூட்டமான நாளில் செக்கச்சிவந்து தோன்றும் எஃகு, வெயில் வீசும் நாளில் மங்கித் தோன்றும். வெயில் நாளில் அவர்கள் தம்மை அறியாமலே சூட்டை மிகுத்துவிட்டனர். மிகையாகச் சுட்ட எஃகு வெளியே கடினமாகவும் உள்ளே நொறுங்கும் தன்மையுடனும் அமைந்தது. பித்தளைக் கூடு கிழிந்து வாயு பின்னோக்கிப் பாய்ந்தபோது அத்தகைய சில உடல்கள் கண்ணாடிபோல் சிதறின. 1917, 1918 ஆண்டுகளில் காரணம் வெளிப்பட்டது. அதன்பின் கண்ணுக்குப் பதிலாக வெப்பமானி வந்தது. பதப்படுத்தும் முறையும் மாறியது. ஸ்பிரிங்பீல்டில் செய்தவற்றில் 8,00,000க்குக் குறைந்த வரிசை எண் உள்ளவற்றைச் சுடாதிருப்பதே நலம் என்று அறிந்தோர் இன்றும் கூறுவர். ஓர் அளவுகருவி இல்லாமையால் இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் ஐயத்துக்கு உரியவை ஆயின!

‘இத்தனை ஆண்டுகள் சுட்டும் ஒன்றும் ஆகவில்லையே!’ என்பார் சிலர். நேற்று வரை தாங்கியது என்பது இன்றும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு வேட்டும் உலோகத்தில் ஒரு நுண்ணிய விரிசலைச் சிறிது நீளச் செய்திருக்கலாம். தாழுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி மிகுந்திருக்கலாம். பழைய பொறிமருந்து விட்டுச்சென்ற உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழலை அரித்திருக்கலாம். துப்பாக்கியை ஒரு டயரில் கட்டிவைத்து, தொலைவில் நின்று கயிற்றால் விசையை இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு வேட்டில் உடையவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். இரண்டாம் வேட்டைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

அப்படியானால் நம்புவதற்கு எதுவும் இல்லையா? உண்டு. துப்பாக்கிகளை முறைப்படி சோதிக்கும் நிலையங்கள் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உள்ளன. இலண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 1637ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டில் சோதனைச் சாலை அமைந்தது. வழக்கமான அழுத்தத்தைவிட மிகையான அழுத்தம் தரும் தோட்டாவை இட்டுச் சுட்டு, பழுதில்லையெனக் கண்டால் குழலில் முத்திரை பதிப்பார்கள். இன்றைய ஐரோப்பிய விதிப்படி ரைபிளுக்கு அந்த மிகை நூற்றுக்கு இருபத்தைந்து. புகையற்ற மருந்துக்குச் சோதித்த ஆங்கிலத் துப்பாக்கிகளில் ‘என்.பி.’ என்னும் எழுத்துகள் இருக்கும். அந்த முத்திரை இல்லாத பழைய குழல், கருமருந்துக்கே உரியது என்று கொள்வதே அறிவுடைமை. முத்திரை இருந்தாலும், அது சோதித்த நாளைப் பற்றிய சான்று மட்டுமே. பின்னர்க் குழலை யாரேனும் குடைந்திருக்கலாம், துருப் பிடித்திருக்கலாம். அமெரிக்காவில் அரசாங்கச் சோதனைச் சாலை இல்லை. செய்பவர்களே சோதித்துக் கொள்கின்றனர். ஆதலால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே செய்யத்தக்க முறை இது. முதலில் துப்பாக்கியைச் செய்தவர் யார், எந்த ஆண்டில், எந்த மருந்துக்கென்று செய்தார் என்பதை முத்திரைகளால் அறிய வேண்டும். அடுத்து, தேர்ந்த கம்மியரிடம் கொடுத்து, எளிதில் உருகும் உலோகத்தை அறைக்குள் வார்த்து அதன் வடிவை எடுத்து அளக்க வேண்டும். குழலின் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும். தாழின் இடைவெளியையும் விரிசல்களையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியென்று கண்டபின், அந்தத் துப்பாக்கியின் காலத்து அழுத்தத்துக்கு ஏற்பச் செய்த தோட்டாவையே இட வேண்டும். எங்கேனும் ஐயம் எஞ்சினால், துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பழையது எல்லாம் வலிமையற்றது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். 1898ஆம் ஆண்டில் மவுசர் வகுத்த துப்பாக்கியின் தாழமைப்பு அத்துணை உறுதியானது. இன்றைய வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி. கருமருந்துத் துப்பாக்கிகளும் தமக்குரிய தோட்டாவைக் கொண்டு இன்றும் குறி தவறாமல் சுடுகின்றன. வயது குற்றமன்று. வலிமையை அறியாமல் பாரம் ஏற்றுவதே குற்றம். வள்ளுவர் அரசர்க்கு உரைத்தபோது ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரத்தையே தனியே வகுத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இந்தப் பாடம் துப்பாக்கியோடு முடிவதில்லை. உங்கள் வீட்டின் பழைய மின்கம்பியில் புதிய நீரேற்றும் மோட்டாரின் செருகி எளிதாகப் பொருந்தும். கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்குமா என்பதைச் செருகி சொல்லாது. பழைய பாலத்தின்மேல் புதிய பாரவண்டியின் சக்கரங்கள் பொருந்தும். தூண்கள் தாங்குமா என்பதைச் சக்கரங்கள் சொல்லா. இவற்றையெல்லாம் நாளை வகுக்கப் போகிறவர்களும் சோதிக்கப் போகிறவர்களும் மாணவர்களாகிய நீங்கள்தாம். பொருந்துகிறதா என்று கண் பார்த்துச் சொல்லிவிடும். தாங்குமா என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.